ஆறு வரிசை

இன்னும் இருபத்தாறு மணி நேரம்.

அதற்கு முன் போர்வெல் மோட்டார் வராது. உள்ளே கம்பிச்சுருள் கருகி, பாலக்கோட்டில் ஒரு கடையில் கிடக்கிறது.

அவள் தொட்டியை விரல் முட்டியால் மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். கீழிருந்து மூன்றாவது வளையத்தில்தான் சத்தம் மாறியது.

அவ்வளவுதான் தண்ணீர்.

பசுமைக்குடிலுக்குள் நாற்பத்தொரு டிகிரி. ஈரப்பதம் இருபத்திரண்டு. வெளியே காற்று, அடுப்பைத் தாண்டி வருவதுபோல் வந்தது.

உள்ளே பன்னிரண்டு வரிசைக் குடமிளகாய். மேற்கே ஆறு வரிசையில் காய் பிடித்துவிட்டது. கிழக்கே ஆறும் அண்ணன் மாதேசன் குழித்தட்டில் விதை போட்டு வளர்த்தவை. இப்போதுதான் பூ.

போன கோடையில் இருந்த தண்ணீரை எல்லாவற்றுக்கும் சமமாகப் பிரித்து விட்டார்கள்.

எல்லாம் சமமாகவே காய்ந்தன.

இந்த முறையும் போனால் குடிலைப் பிரித்துப் போட்டுவிடலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அவள் எதற்கும் சட்டென்று பதில் சொல்கிறவள் இல்லை.

கூரைத் திறப்பைத் திறந்தாள். காற்று அடிக்கும் பக்கத் திரையை இறக்கினாள். எதிர்ப்பக்கத் திரையை முழங்கை அளவு சுருட்டினாள்.

மாதேசன் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தான்.

“என்னா பாப்பா, ஊருக்கே ஏசி போடறியா? மூடு. ஈரம் பூரா வெளிய போவுது.”

“சூடும் போவணும்ண்ணா.”

மூடிய குடிலில் தெளிக்கும் தூறல் இலைமேல் வெறும் வியர்வையாக நிற்கும். குளிராது. இதை விளக்கிச் சொல்ல அவளுக்கு வரவில்லை. தூறல் குழாய்க்கான சின்னப் பம்பைப் போட்டாள்.

புகைபோலத் தூறல். முப்பது வினாடி. நிறுத்தினாள்.

பத்து நிமிடம் கழித்து மறுபடியும்.

நாற்பத்தொன்று முப்பத்தாறானது.

தூறல் எல்லா வரிசைக்கும் பொது. வேருக்குப் போகிற தண்ணீர் அப்படியில்லை.

மதியத்துக்குள் கிழக்கே இலைகள் தொங்கின.

மாதேசன் மண்டியிட்டான். சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துச் சொட்டுக் குழாயின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்தினான். வாய் வைத்து ஊதினான். துப்பினான்.

“உப்பு. போர்த் தண்ணி அடைச்சு வெச்சிருக்குது.”

ஒரு வரிசை முடித்தான். அடுத்ததில் இறங்கினான். “இரு சாமி, வந்துடும்” என்று செடி செடியாகச் சொல்லிக்கொண்டே ஊர்ந்தான்.

அவள் கடிகாரத்தைப் பார்த்துப் பம்பைப் போட்டாள். நிறுத்தினாள். மேற்கே போய் ஒரு இலையைப் புறங்கையால் தொட்டாள். விறைப்பாக இருந்தது.

திரும்பியபோது அவன் நான்காவது வரிசையில் இருந்தான். முழங்கால் இரண்டிலும் செடிகள் நிற்கும் தேங்காய் நார்த்தூள், ஈரமே இல்லாமல்.

நிமிர்ந்தான்.

“ஊக்குக்கு மசிய மாட்டேங்குது. போயி தொட்டிய முழுசா இந்தப் பக்கம் தொறந்துவிடு. வர்ற வேகத்துல அடைப்பு தன்னால பிச்சிக்கும்.”

முழுசாகத் திறந்தால் இன்று சாயங்காலம்வரைகூட மேற்குக்கு மிஞ்சாது.

அவள் நகரவில்லை.

“காது கேக்கலியா, பாப்பா?”

அண்ணனிடம் அவள் குரல் உயர்த்திப் பேசியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

“அடைப்பு இல்லண்ணா. இந்த ஆறு வரிசைக்கும் காலைலயே நாந்தான் நிறுத்திட்டேன்.”