தறிகள் ஓய்ந்த பகல்

என் மனைவி பிரவீனா இப்போது உயிரோடு இல்லை. ஆனால் அந்த ஆயுத பூஜைப் பகல் எனக்கு இன்னும் முடியவில்லை. கருமத்தம்பட்டியில் ஒரு தறியும் ஓடவில்லை. கல்லூரியின் குவாண்டம் ஆய்வகத்தில், கூரையிலிருந்து தொங்கும் வெள்ளைக் குளிர்கலனுக்கு அவள் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறாள். உள்ளே உறைகுளிரில் இருப்பது அவள் வருடக்கணக்காகப் பாடுபட்டுச் செய்த சிப். அதில் எந்தக் குவாண்டம் நிலையைப் பதித்தாலும் நொடிக்குள் கலைந்துவிடுகிறது. சிப்பையே தூக்கிப்போட்டுவிடலாம் என்கிறார் உடன் வேலை செய்யும் ஜெப்ரி. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் தறிகளின் அதிர்வுதான் கலைக்கிறது என்கிறாள் இவள். இன்று தெரிந்துவிடும். “இன்னைக்கு மிசினுக்கெல்லாம் லீவுங்க மேடம், சாமி குத்தம் ஆயிரப்போகுது” என்று ஜெப்ரி சீண்டுகிறார். “சர்ச்சுக்குப் போறவருக்கு அந்தக் கவலை எதுக்குங்க? பொட்டு வெச்சுப்போட்டேன். லீவு நாளைக்குக் குடுத்துக்கலாம்.” பொரிகடலைப் பொட்டலத்தோடு நான் கதவருகே நிற்கிறேன், மென்றால் கூட அதிருமாம். குளிர்கலனின் பம்பு விடும் சீரான மூச்சு மட்டும் கேட்கிறது. பதித்த நிலை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று காட்டும் திரையில் பச்சைப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து கோடாகின்றன. எப்போதும் சரியும் இடம் வருகிறது. கோடு சரியவில்லை. ஜெப்ரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிறார். “மேடம்... மேடம்!” அவள் காதில் விழவில்லை. குங்குமம் ஒட்டிய விரல் திரையைத் தொடாமல் கோட்டோடு கூடவே நகர்கிறது; ஜன்னல் வெயில் அவள் கன்னத்தில். கோடு போய்க்கொண்டே இருக்கிறது. “ஏனுங்க, ஓடியாங்க!” என்று என் கையைப் பிடித்து இழுக்கிறாள். பொரி தரையெங்கும் சிதறுகிறது. “பாருங்க, இன்னும் உசுரோட இருக்குதுங்க!”