சுவரைத் தள்ளும் பயிற்சி

காய்ச்சலில் தளர்ந்துபோயிருந்த அம்மாவிடம் மகன் சொன்னான்: "அடுத்த தடவை நான் வர்றப்பவும் இப்படியே இருந்தா, வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும்."

அம்மாவுக்குத் தன் வீட்டை விட மனமில்லை. உடம்பைத் தேற்ற நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கினாள்; தூக்கம் வந்தது. உடற்பயிற்சி ரப்பர் பட்டையை இழுத்தாள்; அது மூக்கில் அடித்தது. சுவரில் உள்ளங்கையை ஊன்றித் தள்ளுவதுதான் உடம்புக்கு ஒத்துவந்தது. தினமும் தள்ளினாள்.

மகன் வந்தபோது அவளே நடந்துபோய்க் கதவைத் திறந்தாள். அவன் படுக்கையறையில் நின்றுவிட்டான்.

"கட்டிலை யாரும்மா சுவரை விட்டு நகர்த்தினது?"

"கட்டில் அதே இடத்துலதான்டா இருக்கு. சுவர்தான் தள்ளிப் போயிருக்கு."

கட்டிலைத் தாண்டித் தரையில் பக்கத்து வீட்டு நீலநிற டைல்ஸ் தெரிந்தது.

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லாம என்ன? அந்த வீட்டுப் பொண்ணும் நேத்துலேருந்து அந்தப் பக்கமிருந்து தள்ளுறா. சின்ன வயசுதான், ஆனா மூச்சு பத்தல பாவம்."

மகன் சுவரில் கை வைத்தான். அது மெல்ல அவன் பக்கம் வந்தது. கூட வரச்சொல்லும் பேச்சையே அவன் எடுக்கவில்லை.

"நீ விலகுடா," என்று அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.