ஓட்டை பார்த்தல்

இரும்புத் தகட்டை உருளையில் விட்டு வளைத்து, விளிம்புகளைப் பற்றவைத்தேன். ஆலை முதலாளி தனக்கோடி தன் பண்ணை வீட்டில் முழு ஆட்டைப் புகையில் வேகவைக்கக் கேட்ட பெட்டி. போன வருடம் அவருடைய கழிவுத்தொட்டியில்தான் என் தம்பி செத்தான். "இறங்கிப் பாருடா, ஒண்ணும் ஆகாது" என்று இறக்கிவிட்டவர், குடித்துவிட்டு விழுந்தான் என்று போலீசிடம் சொன்னார். நான் அவனுடைய அண்ணன் என்பது அவருக்குத் தெரியாது.

"புகை கசியாதுன்னு நீ சொன்னா நான் நம்பணுமா?" என்றார்.

"நீங்களே உள்ள படுத்துப் பாருங்க சார். கதவைச் சாத்துறேன். ஓட்டை இருந்தா வெளிச்சம் தெரியும். ஒண்ணும் ஆகாது."

சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார். சாத்தினேன்.

"பொட்டு வெளிச்சம் இல்லய்யா, கெட்டிக்காரன்தான். சரி, திற."

தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மட்டும்தான் வைத்திருந்தேன்.