நாற்பத்தெட்டு கிலோ

“மெதுவாம்மா! இடுப்புல கை கொடுத்துத் தூக்கு. எங்கேயாவது இடிச்சிடப் போறே!” என்று பதறினான் மகன்.

“மணல் மூட்டைக்கு வலிக்கவா போகுது சார்?” என்று சிரித்தாள் பயிற்சி கொடுக்க வந்த பெண். “அம்மா, மூச்சை அடக்காதீங்க. முதுகு நேரா இருக்கட்டும். முழங்காலை மடக்கி, தொடை பலத்துல எழுந்திருங்க.”

அம்மா எழுந்தாள். கட்டிலில் கிடந்த நாற்பத்தெட்டு கிலோ மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் திரும்பி, பக்கத்து நாற்காலியில் பூப்போல இறக்கினாள்.

முப்பது வருஷம் தபால் ஆபீஸில் உட்கார்ந்த இடத்திலேயே முத்திரை குத்தியவள். ஒன்றரை வருஷத்துக்கு முன்புவரை நாற்காலியை விட்டு எழவே மேஜையைப் பிடித்துக்கொள்வாள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில்தான் ஆரம்பித்தார்கள். வாரம் மூன்று நாள் பயிற்சி, நடுவில் கண்டிப்பாக ஓய்வு, வலித்தால் உடனே எடைக் குறைப்பு. ‘அறுபத்திரண்டு வயசுல இதென்ன கூத்து’ என்ற பக்கத்து வீட்டுக்காரி இப்போது வாயே திறப்பதில்லை.

எல்லாம் மகன் புண்ணியம். குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேறப் போவதாகச் சொன்ன அன்றே, “அதுக்குள்ள உன் உடம்பைத் தேத்தணும்மா” என்றான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பேத்தியைப் பிரிந்து ஒரு நாள் இருப்பாளா அவள்? யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்வெட்டர்கூட வாங்கி வைத்துவிட்டாள், பாவி மனுஷி.

“அடுத்த வாரம் இன்னும் ரெண்டு கிலோ ஏத்தலாம் சார். அம்மா தாங்குவாங்க.”

“வேணாம், இதுவே போதும். அளவு சரியா இருக்கு” என்றான் மகன்.

பயிற்சிப் பெண் கிளம்பிப் போனதும் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மருமகள் வீட்டில் இல்லை. சம்பந்தியம்மாவுக்கு முடியவில்லை என்று ரெண்டு வருஷமாகவே பிறந்த வீட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள்.

“ஏண்டா, டிக்கெட் போட்டாச்சா? ஜன்னல் ஓரமா சீட்டு வாங்கு. பாப்பாவை நான் பக்கத்துல வச்சுக்கறேன்.”

மகன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“போட்டாச்சும்மா. எங்க மூணு பேருக்கும்.”

“அப்போ... நான்?”

“நீயும் வந்துட்டா, படுத்த படுக்கையா கிடக்கற என் மாமியாரை யாரும்மா தூக்கி உட்கார வைக்கறது?”