மாசியா, ஆவணியா

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? வெயில் கொளுத்துகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வில்பத்துக் காட்டுக்குள், ஒரு ஜீப்பின் முன்வரிசைக் கரை இருக்கையில், வாயை இறுக்கிக்கொண்டு இருந்த கதையைச் சொல்கிறேன்.

கரையில் என்னை இருத்தியது இராசமலர் ரீச்சர். எனக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர். அவருக்கு நேர் பின்னால், அவர் தோளில் மூச்சுப் படுகிற தூரத்தில், அவள்.

இரண்டு பேரும் சுன்னாகத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். அவர் கணக்கு, அவள் புவியியல். ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து காடு பார்க்கப் போவது என்று தைப்பொங்கல் முடிந்த கையோடு வாட்ஸ்அப்பில் கதை தொடங்கியது.

மாசியில் போவோம் என்றார் அவர். மழை விட்டிருக்கும், காடு பச்சையாக இருக்கும், வெயிலும் குறைவு. மற்றவர்களும் சரி என்றார்கள்.

இராசமலர் மட்டும் ஆவணி என்றாள்.

ஆவணியில் நல்லூர்த் திருவிழா. கொடி ஏறிவிட்டால் இருபத்தைந்து நாளும் என் வீட்டுக்காரர் எங்கள் குடாநாட்டின் எல்லையான ஆனையிறவைத் தாண்ட மாட்டார். என் தங்கையின் மகளுக்கு வவுனியாவில் கலியாணம் நடந்தபோதும் கொடி ஏறியிருந்தது. என்னைத் தனியாக பஸ் ஏற்றிவிட்டுத் தான் கோயிலுக்குப் போன மனிதர். நாற்பத்தொரு வருசத்தில் எனக்காக அந்த விரதம் ஒருநாளும் இளகியதில்லை.

ஆகவே, முடியாது என்றுதான் சொல்வார் என்று இருந்தேன்.

அன்று பின்னேரம் அவள் அழைப்பு எடுத்தாள். அவர் போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அரை மணித்தியாலம் கதைத்தார். திரும்பி வந்து, ஆவணியிலேயே போவோம் என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"அப்பத்தான் மிருகங்கள் வடிவாத் தெரியுமாம். ரீச்சர் சொன்னவ."

ரீச்சர் சொன்னவ. ஏழு மாதம் அது என் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அவள் குழுவில் காலை வணக்கம் போட்டால், அவர் எத்தனை மணிக்கு அதைத் திறந்தார் என்று பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

கொடி ஏறிப் பதினோராம் நாள் புறப்பட்டோம். வான் ஆனையிறவைத் தாண்டும்போது அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். அவள் முறுக்குப் பையைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டினாள். எனக்குப் பசியில்லை என்றேன்.

காட்டுக்குள் ஒவ்வொருவரும் அந்தா மான், அந்தா மயில் என்று கை நீட்டினார்கள். ஓம், வடிவு என்று நானும் சொன்னேன். அவர் பின்பக்கம் திரும்பித் திரும்பி அவளிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எதற்கு மயில்?

ஒரு குளக்கரையில் சாரதி சுப்யான் ஜீப்பை நிறுத்தினான். அசையாமல் இருக்கச் சொன்னான். கோடையில் குளம் வற்றி, நாங்கள் நின்ற பக்கத்தில் மட்டும் கொஞ்சத் தண்ணீர் கிடந்தது.

பற்றையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் யானை வந்தது. பின்னால் குட்டி.

நேரே என் பக்கமாக வந்தது. பத்து முழம்கூட இராது. காதோரத்தில் ரோஸ் நிறப் புள்ளிகள். கண்ணுக்குக் கீழே ஈரக் கோடு. குட்டியின் முதுகில் மயிர் நட்டுக்கொண்டு நின்றது.

"தெரியுது" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

இராசமலர் பின்னாலிருந்து குனிந்தாள். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"மாசியிலை எண்டால் தண்ணி நிறைஞ்சிருக்கும் அக்கா, அதுகள் தூரத்திலைதான் நிக்கும். வத்தின காலத்திலைதான் கிட்ட வரும். அதுக்குத்தான் உங்கடை சேரோடை சண்டை பிடிச்சனான்."

உங்களுக்கும் நான் இதைச் சொல்லவில்லை. இரண்டு வருசமாகத் தூரத்தில் இருப்பதெல்லாம் எனக்குப் புகை மூடின மாதிரித்தான். மான் என்று அவர்கள் காட்டியபோது வெறும் பற்றையைப் பார்த்துத்தான் வடிவு என்றேன். கண்ணில் கத்தி வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

பொங்கலன்று அவள் எங்கள் வாசல் படலையில் வந்து நிற்க, நான் மூன்று தரம் ஆரது என்று கேட்டேனாம். அதில் பிடித்துவிட்டாள். எனக்கு முதலிலேயே சொன்னால் வெட்கப்பட்டு வீட்டோடு நின்றுவிடுவேன் என்று, அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

பொங்கலன்று அவருந்தான் எனக்குப் பக்கத்தில் நின்றவர்.

யானையைவிட்டுப் பார்வையை எடுக்காமல் அவர் மெல்லச் சொன்னார்.

"நல்லூரானுக்குச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். உமக்குத்தான் சொல்லேல்லை."

சந்தோசப்பட வேண்டும். பட்டேன். யானை தண்ணீர் குடித்து முடிக்கும் வரைக்கும் பட்டேன்.

அதுவரை எரிந்தது ஒரு எரிச்சல். அதன் பிறகு தொடங்கியது வேறு. நாற்பத்தொரு வருசம் என் முன்னால் இருந்து சோறு தின்ற மனிதருக்கு என் கண்ணைப் பற்றிச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. அவளுக்கு ஒரு பொங்கல் நாள் போதுமாக இருந்திருக்கிறது.

அடுத்த மாதம் எனக்குக் கண் ஒப்பரேசன். ஆஸ்பத்திரியில் நாள் எடுத்துத் தந்ததும் அவள்தான்.

உங்களுக்கும் இப்படி ஒருத்தி வாய்த்திருப்பாள், கோபிக்கவும் விடாமல். அவளை எப்படிப் பொறுத்துக்கொண்டீர்கள் என்று எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.