செவலையின் முன்சக்கரங்கள்

செவலை ஒரு சிவப்பு டிராக்டர். மெக்கானிக் தங்கப்பழம் அதன் டீசல் பம்பில் ஏதோ திருகி, வேகத்தைக் கூட்டிவிட்டதிலிருந்து அதற்குத் தலைகால் புரியவில்லை.

"இனி நீயெல்லாம் எனக்குத் தூசு," என்றது, பின்னால் கரும்புக் கட்டுகளோடு நின்ற டிரெய்லரிடம்.

"நேத்து எவ்வளவோ அதே பாரம்தாண்ணே இன்னிக்கும். பாத்துப் போங்க," என்றது டிரெய்லர்.

வாய்க்கால் மேடு வந்தது. செவலை கரும்புகை கக்கி உறுமியது. டிரெய்லர் அசையவில்லை. செவலையின் முன்சக்கரங்கள்தான் தரையை விட்டு மேலே எழும்பின. பறக்கிறோம் என்று அதற்கு ஒரே சந்தோஷம். அதற்குள் மூக்கு வாய்க்கால் பக்கம் சாய, டிரைவர் பதறிப்போய் ஸ்டீயரிங்கை மறுபக்கம் ஒடித்தார்.

"திரும்புங்கடா," என்று செவலை சக்கரங்களை அதட்டியது.

"எப்பவோ திரும்பிட்டோம்ணே. ரோடுதான் கீழே இருக்கு," என்றன சக்கரங்கள்.

டிரைவர் வேகத்தைக் குறைத்து, சக்கரங்கள் தரையில் இறங்கியதும் வண்டியை நிறுத்தி, கரும்பு வெட்டும் ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு முன் பம்பர்மேல் உட்காரவைத்தார். இந்த முறை சக்கரங்கள் மண்ணை விட்டு எழும்பவில்லை. வண்டி மெல்ல ஊர்ந்து மேடேறியது.

சர்க்கரை ஆலை வாசலில் வரிசையாக நின்ற டிராக்டர்களிடம் செவலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னது: "என்னை அடக்கவே நாலு ஆள் வேண்டியிருந்தது, தெரியுமா?"

"வாஸ்தவம்தான்," என்றது டிரெய்லர். "நேத்து வரைக்கும் என்னை இழுக்க அண்ணன் ஒருத்தரே போதுமா இருந்தாரு."