கண்ணாடி அறைக் கம்ப்யூட்டர்

திருவண்ணாமலை தேரடித் தெரு அச்சகத்தில் முந்தின நாள்தான் கம்ப்யூட்டர்களைப் புதிய விண்டோஸ் எக்ஸ்பிக்கு மாற்றியிருந்தார்கள். கண்ணாடி அறையிலிருந்து முதலாளி புகழேந்தி குரல் கொடுத்தார்.

"கவிநிலா, என் கம்ப்யூட்டர் உன்னுதுல தெரியுதா?"

"தெரியல சார். கேபிள் நல்லாத்தான் இருக்கு."

"அதுல ஒரு கல்யாணப் பத்திரிகை அடிச்சு வெச்சிருக்கேன். பிழை பார்த்து உடனே பிரிண்ட் கொடு. பொண்ணோட அப்பா அவசரப்படுறாரு."

"அப்பாவுக்குத்தான் சார் எப்பவும் அவசரம்" என்று சிரித்தபடி கோளாறு எங்கே என்று தேடினாள். "ரெண்டு கம்ப்யூட்டரையும் சேர்க்கிற ஒர்க்குரூப் பேரு மாறிடுச்சு. என்னுதுல சரி பண்ணிட்டேன். நீங்க உங்களுதுல வெளியாளைத் தடுக்கிற ஃபயர்வாலை ஆஃப் பண்ணுங்க."

பண்ணினார்.

"வந்துடுச்சு சார்!"

பத்திரிகையைத் திறந்தாள். 'திருநிறைசெல்வன் அன்பரசன்' என்றிருந்தது. யாரென்று அவளுக்குத் தெரியாது. அடுத்த வரியில் 'திருவளர்செல்வி கவிநிலா'. அதன் கீழே, 'புகழேந்தியின் மகள்'.

ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தாள். கிரிவலத்துக்கு வந்த கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது.

"அப்பா!"

"கடையில சார்னு கூப்பிடுன்னு எத்தனை வாட்டி சொல்றது?" கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நிமிரவே இல்லை. "பிழை இல்லன்னா பிரிண்ட் கொடு."